பெஞ்சில் ஒரு இடம் காலி

மயிலாப்பூர்ப் பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் உலா வரும் நாள் காலையில் ஓடத்தோட்டத்து ஆண்களில் சிலர் தலைக்குக் குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு கிளம்புவார்கள். குலாம் ரசூல் மட்டும் விபூதிக்குப் பதிலாக அத்தர் பூசிக்கொள்வார். எல்லோர் கையிலும் ஒரு தூக்குச் சட்டி இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், கோயிலுக்குப் போகிறார்கள் என்று நினைத்து வழிவிடுவார்கள். அவர்கள் போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே வராந்தாவில் கிடக்கும் நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டு, சாமி மாட வீதி சுற்றிக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எழுந்து வருவார்கள்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு நடந்தது விளங்கும்.

ஓடத்தோட்டம் மயிலாப்பூருக்குப் பின்னால், கால்வாய்க்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றி வந்த ஓடங்கள் கட்டிக் கிடந்த இடம். ஓடம் நின்றது, வேலையும் நின்றது. மதுவிலக்கு இருந்த வருஷங்களில் அதே தண்ணீரில் லாரி டியூப்களில் அடைத்த சாராயம் மிதந்து வந்தது. சாராயக் கடை சட்டப்படி திறந்ததும் அந்தப் பிழைப்பும் போயிற்று. பிறகு கூட்டத்தில் பையும் செயினும் அறுக்கும் பிளேடு வந்தது. தீபாவளி என்றால் ரங்கநாதன் தெரு, பங்குனி என்றால் மாட வீதி. அதற்குப் பிறகு கத்தி. இரண்டு கோஷ்டிகள் ஒருவரையொருவர் தீர்த்துக்கொண்டு, மிஞ்சியவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். இப்போது கால்வாய்ப் பாலத்தடியில் போதை மாத்திரை விற்கிறார்கள் என்று பேச்சு. எந்தக் காலத்திலும் இதிலெல்லாம் இறங்கியவர்கள் சிலர்தான். பெயர் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது.

பிளேடு காலத்தில் ஒரு வருஷம் அறுபத்து மூவர் கூட்டத்தில் வரிசையாக நகை போயிற்று. அன்று மாலையே வேன் வந்தது. கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் ஏற்றினார்கள். காமாலையில் படுத்துக் கிடந்த ஒருவரையும் பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்த பிறகு எழுந்து நடமாடவில்லை. அடுத்த பங்குனி நெருங்கியபோது ஏழுமலை என்பவர்தான் யோசனை சொன்னார்.

"அவன் வந்து இஸ்துகினு போறதுக்கு முன்னாடி நாமளே போய்க் குந்திக்கினா இன்னா? அவன் கண்ணு எதிர்லயே கீறோம். அப்பால எவ செயின் போனா நமக்கு இன்னா?"

ஏழுமலை பிளேடு போடுவதில் பேர் வாங்கியவர். அதனால் அவர் சொன்னதைக் கேட்டார்கள். அந்த வருஷமும் ஒரு செயின் போனது. போலீஸ்காரர்கள் ஓடிவந்து பெஞ்சைப் பார்த்தார்கள். எல்லோரும் சாதம் தின்றுகொண்டிருந்தார்கள். வேன் கிளம்பவில்லை. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அப்பன் போனால் மகன் அந்த இடத்தில் உட்கார்ந்தான். கரையோரத்து வீடுகளை இடித்து, பாதிப் பேரை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், அங்கிருந்து பஸ் பிடித்து வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் இங்கே யார் நம்புவார்கள்?

ஏழுமலைக்குப் பிறகு அவருடைய இடத்தில், ஜன்னலை ஒட்டிய ஓரத்தில், அவர் மகன் ரகுபதி உட்கார்ந்தார். ரகுபதியும் இளவயதில் பிளேடு பிடித்தவர்தான். ரங்கநாதன் தெருவில் ஒருமுறை கூட்டத்திடம் அகப்பட்டு வாங்கிய அடியில் இடதுகைச் சுண்டுவிரல் மடங்காமல் போனது. மகள் ஜோதிலட்சுமி பிறந்த வருஷத்தோடு அதை விட்டார். இப்போது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மாட வீதிப் பாத்திரக் கடைகளுக்குச் சரக்கு இறக்குவதும் கல்யாண வீடுகளுக்கு அண்டா கொண்டுபோவதும் தொழில். ஆனாலும் பெஞ்சுக்குப் போவதை மட்டும் விடவில்லை. "எங்க நைனா எடம்" என்று அதில் ஒரு பெருமைகூட உண்டு.

ஜோதிலட்சுமி பி.காம். முடித்து, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். இந்த மாசியில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைக் கையாளும் கம்பெனி ஒன்றில் அவளை எடுத்தார்கள். சேதி கேட்டு முதலில் வந்தவர் ரசூல்.

"ஏழுமலை பேத்தி கையில ஊரான் பொட்டியெல்லாம் ஒப்படைக்கப் போறானுங்க!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மேல இருந்து பாத்துக்கினு கீற கெயவன் பிளேடைத் தேடுவானே, மச்சி!"

ஜோதிதான் அதிகமாகச் சிரித்தாள். ஆனால் விமான நிலையத்துக்குள் போக பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்க, இருக்கிற இடத்துப் போலீஸ் விசாரித்து நல்லபடியாகச் சொல்ல வேண்டும். அதற்காக ஏட்டு ஆனந்தகுமார் ஒரு நாள் முற்பகலில் வந்தார். நல்ல மனிதர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ரகுபதியின் மனைவி தாயம்மா கொடுத்த டீயைக் குடித்தார்.

"பொண்ணு மேல ஒண்ணும் இல்லைங்க. உங்க மேலயும் இப்ப கேஸ் எதுவும் இல்ல. ஆனா..."

"இன்னா சார், ஆனா?" என்றாள் தாயம்மா.

"வருஷா வருஷம் ஸ்டேஷன்ல வந்து உக்கார்றாரே. அக்கம்பக்கத்துல கேட்டா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்பா எப்படிப்பட்டவர்னு மேல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"சார், நாங்க எடுக்கலன்னு காட்றதுக்குத்தான் அது" என்றார் ரகுபதி.

"எங்க மாமனார் மந்தைவெளியில இருக்கார். அவரும்தான் எடுக்கலை. அவர் வந்து உக்கார்றாரா?"

ஏட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "திருவிழா பந்தோபஸ்து தலைக்கு மேல கிடக்கு. அது முடிஞ்சதும் இன்னொரு தடவை வந்து கேட்டுட்டு அனுப்பிடறேன்" என்றார். எப்படி அனுப்புவார் என்று சொல்லவில்லை.

அவர் தெரு திரும்பும்வரை ஜோதி வாசலில் நின்று பார்த்தாள்.

"நைனா, இந்த வருசம் நீ போவக் கூடாது."

"போவாட்டி?"

"போவாட்டி இன்னா? வூட்ல இரு."

"வூட்லதான் இருந்தேன்னு எவன் சாட்சி? உங்கம்மாவா? ஏதனா ஒண்ணு தொலைஞ்சுதுன்னு வெச்சுக்கோ, எல்லாரும் குந்திக்கினு கீறானுங்க, ஒரு எடம் மட்டும் காலி. அப்ப எடுத்தவன் யாரு? எடம் காலியா வுட்டவன்தான். அப்பால உன் பாசு இல்ல, என் தோலே மிஞ்சாது."

"குந்தினா பாசு இல்ல. குந்தாட்டியும் பாசு இல்ல. அதானே சொல்ற?"

"அதான்" என்றார் ரகுபதி. சொல்லிவிட்டுத் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் வெளியே போய் வண்டியைத் துடைத்தார்.

மறுநாள் ஜோதி அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போனாள். சப் இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா அங்கே மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. சவுக்குக் கட்டைத் தடுப்புகள் எங்கே வர வேண்டும் என்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தவர், பேசி முடித்து நிமிர்ந்தார்.

"சொல்லும்மா."

ஜோதி சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டுவிட்டு ரகுபதியைப் பார்த்தார்.

"உங்களை யாரு இங்க வந்து உக்காரச் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா. நாங்களா வர்றதுதான்."

"நீங்களாவா? கோர்ட்டுல ஏதோ கண்டிஷன் போட்டு, அதுக்காக வர்றவங்கன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்! எனக்கு முன்னாடி இருந்தவர், 'அன்னைக்கு ஓடத்தோட்டத்து ஆளுங்க வருவாங்க, பெஞ்சை ஒழிச்சுக் கொடுங்க'ன்னுதான் சொல்லிட்டுப் போனார்."

"அம்மா, ஸ்டேஷன்ல வரச் சொல்றாங்கன்னுல்ல எங்க ஆளுங்க இப்ப சொல்லிக்கினு கீறாங்க" என்றார் ரகுபதி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலைக்குப் பிறகு இதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. உட்கார்ந்தவர்களில் பலர் போலீஸ் கட்டளை என்று உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர்கள், குற்றவாளி இல்லாவிட்டால் ஏன் வந்து உட்காரப் போகிறான் என்று இருந்துவிட்டார்கள்.

"வராதீங்க" என்றார் ஸ்வர்ணலதா. "நான் கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. பொருள் ஏதாவது போச்சுன்னா எனக்கு மேல இருக்கறவங்க முதல்ல ஓடத்தோட்டம்னுதான் கேப்பாங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு நான் சொல்லணும். அதுக்கு எனக்கு ஒரு பதில் இருக்கணும். பொய் சொல்ல மாட்டேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயம் எங்கே போய் உட்காருவது என்று சொல்லவில்லை.

சேதி பரவியதும் பெஞ்சுக்காரர்கள் பாலத்தருகே டீக்கடையில் ரகுபதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா மச்சி, பொட்டிக் கம்பெனிக்காரிக்கு நைனா ஆயிட்டியாமே? எங்க பக்கத்துல குந்தினா வேட்டி அயுக்காயிடுமா?" என்றார் ரசூல்.

"பாய், எம் பொண்ணு சமாச்சாரம். நக்கல் பண்ணாதே."

"நக்கல் இல்லடா. நீ ஒருத்தன் வரலன்னா, அந்தக் காலி எடத்தைக் காட்டியே எங்களையும் சேத்து வேன்ல ஏத்துவான். கட்டினது உன் நைனா. அவுக்கறது நீயா?"

"நீயும் வராதேன்னா."

"நான் எங்க போவேன்? எனக்கு அன்னிக்கு ஒரு நாள்தான் ஃபேனுக்குக் கீய குந்தற பாக்கியம்" என்றார் ரசூல். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் முகத்தில் பயம் இருந்தது. ரகுபதிக்கும் அது தெரிந்தது.

வழி சொன்னவள் தாயம்மாதான். அவள் சாயங்காலங்களில் கணேசமூர்த்தி, தங்கபுஷ்பம் தம்பதியின் பாத்திரக் கடையில் எவர்சில்வர் சாமான்களைத் துடைத்து அடுக்கும் வேலை செய்கிறாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மாட வீதியில் கடை போட்டவர்கள் அவர்கள். திருவிழா அன்று கடை வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். ஆள் பற்றாமல் ஒவ்வொரு வருஷமும் தங்கபுஷ்பம் அம்மாள் புலம்புவதைத் தாயம்மா கேட்டிருக்கிறாள்.

"இந்தாயா, கேளு" என்றாள் புருஷனிடம். "உனுக்கு வேண்டியது சாட்சி. வூட்ல இருந்தா நான் ஒருத்திதான் சாட்சி. மோர்ப் பந்தல்ல நின்னா ஊரே சாட்சி. ஒரு கையில கரண்டி, ஒரு கையில டம்ளர். ரெண்டு கையும் சாமிக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும்."

"அந்தம்மா வுடுமா? ஓடத்தோட்டத்தான் மோர் ஊத்தறான்னா எவன் குடிப்பான்?"

"கேட்டாத்தானே தெரியும்."

மறுநாள் தாயம்மா கடையில் கேட்டாள். கல்லாவில் இருந்த கணேசமூர்த்தி காது கேட்காததுபோல் மின்விசிறியைப் பார்த்தார். தங்கபுஷ்பம் அம்மாள் கையிலிருந்த குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ தாயம்மா, ஒளிச்சு வைக்காம சொல்லுதேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. கூட்டத்துல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா கடைப் பேருல்லா கெட்டுப்போகும்."

"ஆமாக்கா" என்றாள் தாயம்மா. துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

கடையைப் பூட்டும் நேரத்தில் தங்கபுஷ்பம் அம்மாளே கூப்பிட்டார். "உன் வீட்டுக்காரர் நம்ம அண்டா குண்டானெல்லாம் வண்டியில கொண்டுபோறாரு. ஒரு கரண்டி குறைஞ்சிருக்கா? இல்ல. சரக்கை நம்பி விட்டுட்டு மோரை நம்ப மாட்டேன்னா சிரிப்பால்லா இருக்கு. வரச் சொல்லு. சட்டையை நல்லதா போட்டுட்டு வரணும், சொல்லிட்டேன்."

திருவிழா அன்று பங்குனி வெயில் காலையிலேயே ரோட்டுத் தாரை உருக்கியது. ரசூலும் மற்றவர்களும் தூக்குச் சட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனபோது, ரகுபதி எதிர்த்திசையில் நடந்தார். ரசூல் திரும்பிப் பார்த்து, "மோர்ல உப்பு சரியா போடு!" என்று கத்தினார். ரகுபதிக்குக் கால் ஒரு நொடி தயங்கியது. ஜோதி பின்னாலேயே வந்தாள். "நடந்துக்கினே இரு, நைனா" என்றாள்.

மதியத்துக்குள் மாட வீதியில் தலைக்கு மேல் தலை. ஒரு கடையில் புளியோதரை, ஒரு கடையில் பானகம், ஒரு கடையில் விசிறி. போலீஸ் மைக் விடாமல் பேசிக்கொண்டிருந்தது: தாய்மார்கள் தங்கள் நகைகளைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்ள வேண்டும். தடுப்பருகே பெண் காவலர்கள், செயினைப் புடவையோடு சேர்த்துக் குத்திக்கொள்ள ஊக்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரகுபதி கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில், அண்டாவுக்குப் பின்னால் நின்று மோர் ஊற்றினார். தாயம்மா டம்ளர் கழுவினாள். ஜோதி மாங்காய்த் துண்டும் கொத்துமல்லியும் தூவினாள்.

ஆரம்பத்தில் அவர் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தே ஊற்றினார். ஆனால் மோர் வாங்க நீளும் கைக்குப் பின்னால் கழுத்து இருக்கிறது. கழுத்தில் செயின் இருக்கிறது. எந்தச் செயினில் கொக்கி தளர்ந்திருக்கிறது, எது ரவிக்கைக்கு வெளியே ஆடுகிறது என்பது பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணை அவரால் கழற்றி வைக்க முடியவில்லை. முதலில் அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு தன்னையறியாமல் வாய் திறந்தது.

"தலைப்பை இஸ்து வுட்டுக்கோம்மா."

அந்தப் பெண் திடுக்கிட்டு மூடிக்கொண்டு, "தேங்க்ஸ்ணே" என்றாள். அதற்குப் பிறகு அவர் டம்ளரோடு அதையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். மோர், ஒரு வார்த்தை. மோர், ஒரு வார்த்தை.

பத்ரிநாராயணன் என்ற பெரியவர் பக்கத்துத் தெருக்காரர். கடைக்குப் பழைய வாடிக்கை. பந்தலின் ஓரத்தில் நிழல் பார்த்து நின்றுகொண்டு டம்ளரை நீட்டியவண்ணம் இருந்தார்.

"சார், வவுறு தாங்குமா?" என்றார் ரகுபதி.

"நாங்க பெருமாள் கோஷ்டி. இன்னிக்கு இங்க வந்ததே மோருக்குத்தான். பேசாம ஊத்தும்" என்றார் அவர். "ஆத்துக்காரிக்கும் ஒண்ணு குடும்."

அவர் மனைவி முன்னால் வந்தார். கழுத்தில் கனமான இரட்டை வடம், தலைப்புக்கு மேலேயே கிடந்தது. "அம்மா, செயினை உள்ள போட்டுக்கோங்க. கொக்கி சரியில்ல" என்றார் ரகுபதி. அந்த அம்மாள் கொஞ்சம் சிவந்த முகத்தோடு அதை உள்ளே தள்ளிக்கொண்டு, சப்பரங்கள் வளைவில் திரும்புவதைப் பார்க்கக் கூட்டத்துக்குள் போனார்.

கபாலி, கபாலி என்ற குரல் தெருவின் அந்தக் கோடியில் எழுந்து இந்தக் கோடிக்கு வந்தது. நாயன்மார்கள் வரிசையாகத் தோள்களில் ஆடி வந்தார்கள். ரகுபதி பிறந்து வளர்ந்தது இந்தக் கோபுரத்தின் நிழலில். இளவயதில் இந்தக் கூட்டத்தில் அவர் சாமியைப் பார்த்ததில்லை, கழுத்துகளைப் பார்த்தார். அதன் பிறகு பெஞ்சிலிருந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டார். கரண்டியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் கூச்சல் கேட்டது. பத்ரிநாராயணனின் மனைவி கழுத்தைத் தடவிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். "என் செயின்! என் செயினைக் காணோமே!"

அதற்குப் பிறகு எல்லாம் பழைய வழியிலேயே நடந்தது. யாரோ ஒரு காவலர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பெஞ்சைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். ஜன்னல் ஓரம் காலி என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்வர்ணலதாவும் அந்தக் காவலரும் பந்தலுக்கு முன்னால் நின்றார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். தங்கபுஷ்பம் அம்மாளின் கை தாலிக்குப் போயிற்று.

"ரகுபதி, சும்மா வாய்யா. நாலு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடறோம்" என்றார் காவலர்.

ஜோதிக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பந்தலிலிருந்து இத்தனை பேர் பார்க்க அப்பா போலீஸோடு ஒரு அடி நடந்தாலும் போதும், திருடன் என்று முடிவாகிவிடும். பிறகு எதைக் கேட்டு அனுப்பினாலும் ஒன்றுதான்.

"நைனா, ஊத்து" என்றாள் தாழ்ந்த குரலில். "நிறுத்தாதே. ஊத்திக்கினே இரு."

ரகுபதி அடுத்து நின்றவருக்கு ஊற்றினார்.

"மேடம், இவன் அந்தம்மா செயினைப் பாத்து ஏதோ சொன்னான்னு பக்கத்துக் கடையில சொல்றாங்க" என்றார் காவலர். "கொக்கி சரியில்லன்னு சொன்னானாம். கொக்கி வரைக்கும் பாத்து வெச்சிருக்கான். இவன் பாத்துச் சொல்ல, இன்னொருத்தன் எடுத்திருப்பான்."

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. கனிந்து சொன்ன ஒரு வார்த்தை இப்படித் திரும்பும் என்று ரகுபதி நினைக்கவில்லை. ஆமாம், பார்த்தார்தான்.

"யார் சொன்னா அப்படி?" பத்ரிநாராயணன் டம்ளரைப் பந்தல் மேஜையில் ணங்கென்று வைத்தார். "நான் காலம்பறலேர்ந்து இங்கேயே நின்னுண்டு இருக்கேன். எத்தனை டம்ளர் குடிச்சேன்னு எனக்கே வெக்கமா இருக்கு. அவர் கை அந்த அண்டாவை விட்டு நகரலை. என் கண்ணு அந்த அண்டாவை விட்டு நகரலை."

"சார், அவர் எடுத்தார்னு சொல்லலை. வேற ஆளுக்குக் கண்ணைக் காட்டி..."

"செத்த இருங்கோ." இதைச் சொன்னது நகை பறிகொடுத்த அம்மாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "உள்ள போட்டுக்கோங்கோன்னு இவர்தான் சொன்னார். நானும் போட்டுண்டேன். அங்க சப்பரத்துக்கிட்ட போனதும், நாலு பேர் பார்க்கட்டுமேன்னு நானேதான் மறுபடி வெளியில எடுத்து விட்டுண்டேன். புத்தி கெட்டுப்போய். திருடப் போறவர் மூடிக்கோன்னு சொல்லுவாரா? அவர் சொன்னதைக் கேட்டிருந்தா இப்போ கழுத்துல இருந்திருக்கும்."

"எங்கிட்டயும் சொன்னாரு" என்றாள் வரிசையில் ஒரு பெண்.

"எனக்கும். நான் ஊக்கு குத்திக்கிட்டேன்" என்றாள் இன்னொருத்தி.

"காலையிலேர்ந்து ஊருக்கே சொல்லிட்டிருக்காருய்யா. போலீஸ் மைக்கை விட இவரு சத்தம்தான் ஜாஸ்தி" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

தங்கபுஷ்பம் அம்மாள் தாலியிலிருந்து கையை எடுத்தார். "ஏ தம்பி, போலீசு" என்றார் காவலரைப் பார்த்து. "அவரு என் பந்தல்ல நிக்கிற ஆளு. கேக்கிறதை இங்கயே கேளும். நானும் கேக்கேன்."

ஸ்வர்ணலதா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு டம்ளர் கொடுங்க."

ரகுபதி ஊற்றினார். ஸ்வர்ணலதா நின்றபடியே குடித்து முடித்து, "எங்க இருந்தீங்கன்னு கேட்டா சொல்றதுக்கு எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு" என்றார். காவலரிடம், "சப்பரம் திரும்பற எடத்துல கேமரா இருக்கு. அதைப் போய்ப் பாக்கலாம், வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். போகும்போது நகை பறிகொடுத்த அம்மாளைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார்.

அந்தச் செயின் இன்றுவரை கிடைக்கவில்லை. கேமராவில் ஒரு கை மட்டும் தெரிந்ததாம், முகம் தெரியவில்லையாம். ஆனால் அன்று மாலை ஓடத்தோட்டத்தில் பெண்கள் பழைய பழக்கத்தில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வேனை எதிர்பார்த்து நின்றார்கள். வேன் வரவில்லை. காலி இடம் ஒன்று இருந்தும், செயின் ஒன்று போயும் வராதது இதுதான் முதல் தடவை.

ரசூல் வெறும் தூக்குச் சட்டியோடு திரும்பி வந்தார்.

"உன் எடத்துல ஒரு போலீஸ்காரன் வந்து குந்திக்கினான்டா" என்றார் ரகுபதியிடம். "ஃபேன் காத்துக்கு. கொஞ்ச நேரத்துல தூங்கிட்டான். எங்களைப் பாத்துக்கோன்னு அவனை வுட்டா, அவன் குறட்டை வுடறான். நாங்க அவன் தொப்பியைப் பாத்துக்கினு குந்தியிருக்கோம்." பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் திருநெல்வேலி அம்மாகிட்ட சும்மா ஒரு வார்த்தை கேளு. அடுத்த வருசம் பானகம் போட ஆள் வேணுமான்னு. வெல்லத்தை நான் நல்லா இடிப்பேன்" என்றார்.

"அத்தரு பூசிக்கினு வராதே. பானகம் நாறும்."

"போடா."

அடுத்த வாரம் ஆனந்தகுமார் வந்தார். அதே பிளாஸ்டிக் நாற்காலி. தாயம்மா கொடுத்த டீயை வேண்டாம் என்று சொல்லி, "மோர் இருக்கா?" என்றார். ஜோதி உள்ளே ஓடினாள். அவர் பக்கத்து வீடுகளில் விசாரித்தார். எதிர்வீட்டு அம்மாளிடம், "இவங்க அப்பா எப்படி?" என்று வழக்கப்படி கேட்டார்.

"யாரு? மோர் ஊத்தினாரே, அவரா?" என்றாள் அவள்.

ஏட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. சித்திரை பிறந்து வெயில் முற்றியபோது பாஸ் வந்தது.

முதல் நாள் வேலைக்குப் போகும் காலையில், நீலச் சட்டையில் கழுத்தில் பாஸ் தொங்க ஜோதிலட்சுமி வாசலில் நின்றாள். அவளைப் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் விடுவதற்காக ரகுபதி குட்டியானையைக் கிளப்பினார். ரசூல் பாலத்திலிருந்தே, "பொட்டி பத்திரம்!" என்று கத்தினார்.

வண்டி கச்சேரி ரோடு திரும்பியதும் ரகுபதி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஜோதி, அந்தப் பாசை சட்டைக்கு உள்ள போட்டுக்கோ. கொக்கி சரியில்ல."

அவள் சிரித்துக்கொண்டே அதை இன்னும் நன்றாக வெளியே எடுத்து விட்டுக்கொண்டாள்.

"நாலு பேரு பாக்கட்டும், நைனா."